வெளிச்சுவருக்குச் சாயம் பூச எவ்வளவு ஆகும்? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரிசை வீடு, பங்களா போன்ற தரை வீட்டில் குடியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் வெளிச்சுவருக்குச் சாயம் பூச நினைக்கும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. விலைக்குறிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, “இது நியாயமா?” என்று கேட்பார்கள். அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தத் தொகைக்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் முடியும் என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தொகைகள் சிங்கப்பூர் வெள்ளியில் உள்ளன. வேறாகச் சொல்லாத இடங்களில் பொருள் சேவை வரி சேரவில்லை.

நாங்கள் வீவக வீட்டில் இருக்கிறோம். வெளிச்சுவர் மங்கிப் போய்விட்டது. நாங்களே ஆள் வைத்து அடிக்கலாமா?

கூடாது, அதற்குத் தேவையும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கட்டடங்களின் வெளிச்சுவரும் தாழ்வாரமும் பொது இடத்தைச் சேர்ந்தவை. நகர மன்றம் ஏறத்தாழ 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டடம் முழுவதற்கும் சாயம் பூசுகிறது. அதற்கான பணம் நீங்கள் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்தே சேர்கிறது. உங்கள் கதவையும் இரும்பு வாயிலையும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். தாழ்வாரச் சுவரில் கை வைப்பதற்கு முன் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும்.

கொண்டோமினியத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். வெளித்தோற்றம் நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. செலவு உரிமையாளர்கள் அனைவரும் சேர்த்துவைக்கும் இருப்பு நிதியிலிருந்து வரும். ஆகவே இதற்குக் கீழே உள்ள பதில்கள் வரிசை வீடு, இரட்டை வீடு, பங்களா, கடைவீடு ஆகியவற்றின் உரிமையாளர்களுக்கானவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஒரு வரிசை வீட்டுக்கு எவ்வளவு ஆகும்?

இரு பக்கமும் வீடுகள் ஒட்டியிருக்கும் இரண்டு மாடி வரிசை வீட்டுக்கு 2,500 முதல் 5,000 வெள்ளி வரையிலும், மூலை வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும் 4,000 முதல் 8,000 வெள்ளி வரையிலும், பங்களாவுக்கு 8,000 வெள்ளிக்கு மேலும் கேட்பது வழக்கம். கூரைக்கடியில் ஒரு மாடியைக் கூட்டிக் கட்டியிருந்தாலோ, சுவரில் விரிசல்கள் நிறைந்திருந்தாலோ இந்த வரம்பைத் தாண்டிச் செல்லும்.

வரம்பின் இரு முனைகளுக்கும் நடுவே இரண்டு மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்தடுத்து ஒரே அமைப்பில் கட்டிய இரு வீடுகளுக்குக்கூட அந்த வேறுபாடு வரலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் சுவரின் பழுதும் உயரமான இடத்தை எட்டும் வழியும்தான். எந்தச் சாயம் என்பது மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

ஒரு டின் பெயிண்ட் எழுபது, எண்பது வெள்ளிதானே? பிறகு எதற்கு இத்தனை ஆயிரம்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். முகப்பு 6 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்புறமும் பின்புறமும் சேர்த்து 96 சதுர மீட்டர். கதவு, ஜன்னல்களைக் கழித்தால் சுமார் 66. கார் நிறுத்துமிடத்தின் மேற்கூரை அடிப்பகுதி 30, சுற்றுச்சுவர் 20, கூரை விளிம்பு, காற்றுக்கிணறு போன்றவை 14 என்று கூட்டினால் 130 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,400 சதுர அடி. சொரசொரப்பான வெளிச்சுவரில் ஒரு லிட்டர் சாயம் ஒரு கைக்கு, அதாவது ஒருமுறை பூச, 8 சதுர மீட்டர் ஓடினாலே நல்லது. அப்படியானால் மேல்சாயம் இரண்டு கைக்கு 33 லிட்டரும், அடியில் பூசும் சீலர் ஒரு கைக்கு 16 லிட்டரும் தேவைப்படும். தரமான வெளிச்சுவர்ச் சாயத்தையே வாங்கினாலும் பொருள்செலவு 600 முதல் 800 வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

எனவே 3,500 வெள்ளி என்று விலை சொன்னால், அதில் சாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்று. மீதி எல்லாம் சாரம் கட்டுவதற்கும், சுவரைக் கழுவிச் சுரண்டி விரிசல் அடைப்பதற்கும், மூன்று பேர் ஐந்தாறு நாள் செய்யும் உழைப்புக்கும், காப்பீட்டுக்கும், குத்தகையாளரின் இலாபத்துக்கும் போகிறது. உழைப்பு என்றால் ஊழியரின் கைக்குப் போகும் சம்பளம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுமானத் துறையில் வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் திறன்நிலையைப் பொறுத்து மாதம் 500 அல்லது 900 வெள்ளி தீர்வையை முதலாளி அரசாங்கத்துக்குச் செலுத்துகிறார். தங்குமிடமும் போக்குவரத்தும் தனி. விலைக்குறிப்பில் எங்கும் எழுதப்படாத இந்தச் செலவுகள் எல்லாம் உங்கள் தொகைக்குள் வந்து அமர்கின்றன.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தில் உள்ள சதுர அடியா?

இதைத்தான் முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிலர் வீட்டின் தரைப்பரப்பை வைத்தும், சிலர் சாயம் ஏறும் சுவர்ப்பரப்பை வைத்தும் கணக்கிடுகிறார்கள். சுவர்ப்பரப்பிலேயே ஜன்னல்களைக் கழிப்பவரும் உண்டு, கழிக்காதவரும் உண்டு. ஒருவர் சதுர அடிக்கு ஒன்றரை வெள்ளியும் மற்றவர் இரண்டரை வெள்ளியும் சொன்னால், முன்னவர்தான் மலிவு என்று முடிவு கட்ட அதில் ஒன்றுமில்லை. வீட்டை நேரில் வந்து பார்த்து, மொத்தத் தொகையைச் சொல்லி, எந்தெந்தப் பகுதி அதில் சேர்த்தி என்று எழுதித் தருபவரிடம் பேசுவதே நல்லது. படத்தைப் பார்த்து விலை சொல்பவர், வேலை தொடங்கிய பிறகு “இது சேர்த்தி இல்லை” என்று சொல்வதற்கு ஏராளமாக இடம் வைத்திருக்கிறார்.

சாரம் கட்டாமல் ஏணி வைத்தே முடித்துத் தருகிறேன் என்கிறார். ஆயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சமாகுமே?

மிச்சமாவது உண்மை, ஆனால் அது ஊழியரின் உயிரைப் பணயம் வைத்துக் கிடைக்கும் மிச்சம். சிங்கப்பூரில் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கென 2013ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகள் உள்ளன. 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலையை, ஆபத்துகளை மதிப்பிட்டு எழுத்துமூல அனுமதி முறைப்படி செய்ய வேண்டும். 4 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்தை மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற சாரக் குத்தகையாளரே கட்ட வேண்டும். இரண்டாம் மாடிக் கூரை விளிம்பு இந்த உயரங்களைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஏணி என்பது ஏறி இறங்குவதற்கான கருவி. ஒரு கையில் வாளியும் மறு கையில் உருளையுமாக நாள் முழுவதும் அதில் நின்று வேலை செய்ய முடியாது.

பணக்கணக்காகப் பார்த்தாலும் ஏணி வேலை மலிவாக அமைவதில்லை. ஏணியிலிருந்து கை எட்டும் வரைக்கும்தான் சுரண்டவும் கழுவவும் முடியும். எட்டாத இடத்தில் பழைய படலத்தின் மேலேயே சாயம் ஏறும். ஓராண்டு கழித்து உரியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். சாரத்துக்கு மாற்றாகச் சிலர் தூக்கு மேடை வண்டியைப் பயன்படுத்துவார்கள். வண்டி நிற்கச் சாலையின் ஒரு பகுதியை அடைக்க வேண்டியிருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியைக் குத்தகையாளர் பெற்றிருக்க வேண்டும்.

விலைக்குறிப்பைக் கேட்கும்போதே ஊழியர்களுக்கான வேலைக்காய இழப்பீட்டுக் காப்பீடு, பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு ஆகிய இரண்டின் நகலையும் கேளுங்கள். முதலாவது, உடலுழைப்பு செய்யும் ஊழியர்களுக்குச் சட்டப்படி கட்டாயம். இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரரின் கார் மேல் சாயம் தெறிக்கும் நாளில் கைகொடுக்கும்.

ஒருவர் 1,900 என்கிறார், இன்னொருவர் 5,200 என்கிறார். இருவரில் யார் ஏமாற்றுகிறார்?

இருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம். பெரும்பாலும் அவர்கள் விலை சொல்லியிருப்பது இரு வேறு வேலைகளுக்கு. 1,900 வெள்ளிக் குறிப்பில் “வெளிச்சுவர் பெயிண்டிங்” என்று ஒரே வரி இருக்கும். 5,200 வெள்ளிக் குறிப்பில் சாரம், உயர் அழுத்த நீரால் கழுவுதல், பாசிக்கொல்லி, விரிசல் அடைப்பு, சீலர் ஒரு கை, மேல்சாயம் இரண்டு கை, இரும்புக் கம்பிகளுக்குத் துருத்தடுப்பு, குப்பை அகற்றுதல் என்று பத்து வரிகள் இருக்கும். அந்தப் பத்து வரிகளையும் முதலாமவரிடம் அனுப்பி, “இவை உங்கள் விலையில் சேர்த்தியா?” என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய தொகை மூவாயிரத்தைத் தாண்டி ஏறும், அல்லது அவர் பதில் அனுப்ப மாட்டார். இரண்டுமே உங்களுக்குப் பயனுள்ள தகவல்தான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து வரி எழுதியிருக்கிறார் என்பதற்காக 5,200 நியாயமாகிவிடாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒழுங்காகப் பூசி, இன்றும் உறுதியாக இருக்கும் சுவருக்குச் சுரண்டுவதும் பட்டி வைப்பதும் அதிகம் தேவைப்படாது. அந்த வரிகளின் விலையைக் குறைக்கச் சொல்லலாம். மூன்று பேரிடம் ஒரே வேலைப்பட்டியலைக் கொடுத்து விலை வாங்கினால், நடுவில் நிற்கும் தொகை பொதுவாக உண்மைக்கு அருகில் இருக்கும்.

“ரெண்டு கோட் அடிப்போம்” என்றார். அது போதுமா?

எந்த இரண்டு என்பதைப் பொறுத்தது. சீலர் ஒன்று, மேல்சாயம் ஒன்று என்று இரண்டாக எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சுவருக்குச் சீலர் ஒரு கை, அதன்மேல் மேல்சாயம் இரண்டு கை என்பதே சாய நிறுவனங்கள் சொல்லும் முறை. சீலர் பழைய சுவரின் தூளைக் கட்டிப் பிடிக்கும். சிமெண்டின் காரம் மேலே ஏறி நிறத்தைக் கெடுக்காமல் தடுக்கும். “சீலர் 1, மேல்சாயம் 2” என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

கருநிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கோ, அழுத்தமான சிவப்பு, மஞ்சளுக்கோ மாறினால் மூன்றாவது கை தேவைப்படலாம். அழுத்தமான நிறங்களின் விலையும் அதிகம். வெயிலில் சீக்கிரம் வெளுப்பவையும் அவையே. நிறத்தை மாற்றாமல் இருப்பதே எல்லாவற்றிலும் மலிவான முடிவு.

விலை உயர்ந்த பெயிண்ட்தான் வாங்க வேண்டுமா? சாதாரணமானது போதாதா?

முந்தைய கணக்குக்குத் திரும்பிப் போவோம். நிப்பான் வெதர்பாண்ட், டியூலக்ஸ் வெதர்ஷீல்ட் போன்ற வெளிச்சுவர்ச் சாயங்களுக்கும் மலிவான சாயத்துக்கும் ஒரு வரிசை வீட்டில் வரக்கூடிய வேறுபாடு சில நூறு வெள்ளி. சாரத்துக்கும் உழைப்புக்கும் ஆகும் செலவு எதைப் பூசினாலும் மாறாது. மூன்று ஆண்டுகளில் வெளுத்துப்போய் மறுபடியும் சாரம் கட்டுவதைவிட அந்தச் சில நூறைக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. சிக்கனம் செய்ய வேண்டுமானால் வேறு இடங்கள் இருக்கின்றன.

வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சாயம் பற்றியும் கேட்கிறார்கள். தெம்பனிசில் வீவக கட்டடங்களில் அதைப் பூசிச் சோதித்திருக்கிறார்கள். தனி வீட்டில் அதன் பயன் பிற்பகல் வெயில் நேராக விழும் மேற்குச் சுவரிலும் காங்கிரீட் தளத்திலும்தான் உணரும்படி இருக்கும். அடுத்த வீட்டின் நிழலில் நிற்கும் சுவருக்கு அதைப் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெயிண்ட்டை நாங்களே வாங்கிக் கொடுத்தால் மலிவாகாதா?

பெரும்பாலும் ஆகாது. குத்தகையாளர்களுக்குக் கடைகளில் விலைக்கழிவு கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. அதைவிட முக்கியமானது, பின்னால் உரிந்தால் “பெயிண்ட் உங்களுடையது” என்று அவரும், “பூசியது சரியில்லை” என்று கடைக்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

குறிப்பிட்ட வகைச் சாயம்தான் வருகிறதா என்ற ஐயம் இருந்தால், விலைக்குறிப்பில் நிறுவனம், வகை, நிற எண் மூன்றையும் எழுதச் சொல்லி, முத்திரை உடைக்காத டின்களை உங்கள் முன் திறக்கச் சொல்லலாம். அளவுக்கு மீறித் தண்ணீர் கலக்கிறார்களா என்பதை அறியவும் வழி இருக்கிறது: மேலே போட்ட கணக்கின்படி 33 லிட்டர் தேவைப்படும் வீட்டில், 20 லிட்டர் வாளி ஒன்றோடு வேலை முடிந்துவிட்டால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.

சுவரில் கறுப்பாக வழிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக வீடு முழுவதும் அடிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் அதிகப் பணம் மிச்சமாவது இதில்தான். கூரை விளிம்புக்கும் ஜன்னல் படிக்கும் கீழே வழியும் கறுப்பு பெரும்பாலும் பாசியும் பூஞ்சையும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அது இயல்பு. சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெண்தூள் ஒட்டவில்லை, படலம் உரியவில்லை, குமிழ் இல்லை என்றால் பாசிக்கொல்லி தெளித்து உயர் அழுத்த நீரால் கழுவினாலே போதும். சாயம் இன்னும் சில ஆண்டு தாங்கும். கழுவ ஆகும் செலவு சில நூறு வெள்ளிக்குள் அடங்கும்.

தூள் ஒட்டினால் சாயத்தின் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகளில் அந்த நிலை வரும். மரத்தடியில் இருக்கும் வீட்டுக்கும் வெயில் முழுவதும் வாங்கும் வீட்டுக்கும் இது மாறும். ஆகவே ஆண்டைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள்.

விரிசலையும் பெயர்ந்த காங்கிரீட்டையும் பெயிண்டரே சரிசெய்து விடுவாரா?

மயிரிழை விரிசலைச் சரிசெய்வார். அது அவர் வேலைதான். அதை விரித்து, நெகிழும் தன்மையுள்ள பொருளால் அடைத்து, பிறகு சீலர் பூச வேண்டும். உள்ளே பூசும் சாதாரணப் பட்டியை வெளியே வைத்தால் மழைநீர் பட்டு ஊறிக் கழன்றுவிடும். எந்தப் பொருள் என்று கேட்பதில் தவறில்லை.

காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது வேறு கதை. உள்ளே கம்பி துருவேறி உப்புவதால்தான் காங்கிரீட் பெயர்கிறது. தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை நீக்கித் தடுப்புப் பூச்சு கொடுத்து, பழுதுபார்க்கும் கலவையால் நிரப்பிய பிறகே சாயத்தைப் பற்றிப் பேச வேண்டும். படிக்கட்டுபோல் சாய்வாக ஓடும் விரிசலோ, ஆண்டுக்கு ஆண்டு அகலும் விரிசலோ இருந்தால் தகுதிபெற்ற பொறியாளரிடம் காட்டுங்கள். புதிதாகச் சிமெண்டு பூசிய இடம் ஏறத்தாழ நான்கு வாரம் உலர வேண்டும் என்பதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

எந்த மாதத்தில் அடித்தால் மலிவு?

டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் விடாமல் பெய்யக்கூடும். அப்போது வெளிவேலை இழுத்துக்கொண்டே போகும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தைய வாரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் பேரம் பேச இடமிருக்காது. பிப்ரவரி மாதம் பொதுவாக வறண்டது. சீனப் புத்தாண்டு முடிந்த பிறகு குத்தகையாளர்களுக்கும் வேலை குறைவு. என்னைக் கேட்டால், அதுவே நல்ல நேரம். அதை விட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பரவாயில்லை. அதிகாலையில் அடித்துவிட்டுப் போகும் சுமத்ராக் காற்றுமழைக்குப் பிறகு சுவர் உலர நேரம் கிடைக்கும்.

மழையால் வேலை நின்றால் அந்த நாளுக்கும் நான் பணம் கொடுக்க வேண்டுமா?

மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் என்றால் கொடுக்க வேண்டியதில்லை. நாள்கூலிக்குப் பேசியிருந்தால்தான் சிக்கல். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. அதை எதிர்பார்த்துத்தான் குத்தகையாளர் விலை சொல்லியிருப்பார். சாரத்துக்கு வாரக் கணக்கில் வாடகை என்றால் மட்டும், மழையால் நீளும் நாள்களின் வாடகை யாருடையது என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஈரச் சுவரில் பூசச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். நிற்கும் நாள்களில் சாரத்தின் குழாய்களிலும் காலி வாளிகளிலும் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டு உரிமையாளராகிய நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்களுடையது எழுபதுகளில் கட்டிய வீடு. அதற்குத் தனியாக ஏதாவது செலவு உண்டா?

இருக்கலாம். சிங்கப்பூரில் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்துவது 1989இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் நெளிந்த சிமெண்டுத் தகட்டுக் கூரையோ, தாழ்வாரத் தட்டியோ இன்னும் இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதை உயர் அழுத்த நீரால் கழுவுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் நாரிழைகளைக் காற்றில் பறக்கவிடும். முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றால் அதற்குரிய அங்கீகாரம் பெற்றவரைக் கொண்டு அகற்ற வேண்டும்; சாயம் பூசுபவரின் வேலை அல்ல அது. அதேபோல் பழைய இரும்புக் கம்பிகளின் அடிப்படலங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர வைத்துத் தேய்க்காமல் ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயமாக.

லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கடைவீடு உண்டு. பிடித்த நிறத்தில் அடிக்கலாமா?

சாதாரணத் தரை வீட்டுக்குச் சாயம் மட்டும் பூசுவதற்கு எந்தத் திட்ட அனுமதியும் தேவையில்லை. ஆனால் லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகளின் முகப்பு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிகளுக்கு உட்பட்டது. நிறத்தையும், சுவரோவியம் ஏதும் எண்ணினால் அதையும், ஆணையத்திடம் முன்கூட்டிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். பழைய அலங்கார ஓடுகளின் மேல் சாயம் பூச யாரையும் விடாதீர்கள்.

செலவிலும் வேறுபாடு உண்டு. பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. நிலத்து ஈரம் அதில் ஏறி வெளியே ஆவியாக வேண்டும். அடர்த்தியான படலம் போடும் சாயத்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, படலத்தைத் தள்ளிவிடும். ஆவியை வெளியே விடும் சாயமும், பூவேலைப்பாடுகளைக் கையால் சுத்தம் செய்யும் பொறுமையும் வேண்டும் என்பதால் அதே அளவுள்ள வரிசை வீட்டைவிடக் கூடுதலாகவே ஆகும்.

எங்கள் பக்கச்சுவரை எட்ட வேண்டுமானால் பக்கத்து வீட்டுக் கூரையில்தான் ஏற வேண்டும். அவர் மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வற்புறுத்தி ஏறும் உரிமை உங்களுக்கு இல்லை. அவர் தயங்குவதற்கு நியாயமும் உண்டு: ஓடு உடைந்தால் ஒழுகப்போவது அவர் வீடு. குத்தகையாளரின் பொறுப்புக் காப்பீட்டின் நகலைக் காட்டி, வேலைக்கு முன் கூரையைப் படமெடுத்து, உடைந்தால் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோர் இறங்கி வருவார்கள். அவர் வீட்டுக்கும் சேர்த்து விலை கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. ஒரே சாரத்தில் இரண்டு வீட்டு முகப்பும் முடிந்தால் இருவருக்கும் செலவு குறையும். எதுவும் நடக்கவில்லை என்றால் அந்தச் சுவரை ஒப்பந்தத்திலிருந்து நீக்கி, அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள் இருக்கிறார்களே, அவர்களை வைத்து அடித்தால் பாதிச் செலவில் முடியுமே? அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்யக் கூடாது. வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர் அதில் குறிப்பிட்டுள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். வேறு யாரிடமும், ஓய்வு நாளில்கூட, செய்ய முடியாது. உரிய அனுமதியின்றி வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு வைப்பவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தத் தம்பி அனுமதிச்சீட்டை இழந்து, ஊரில் வாங்கிய கடன் அடையாமலே திரும்ப நேரிடும். சாரமில்லாமல், காப்பீடில்லாமல் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏணியைப் பற்றிய பதிலோடு சேர்த்துப் படியுங்கள். அவர்களுக்கு உதவ விரும்பினால், அவர்கள் வேலை செய்யும் நிறுவனத்திடமே விலை கேளுங்கள்.

முன்பணம் பாதி கேட்கிறார். கொடுக்கலாமா? ஜிஎஸ்டி தனியாம்.

பாதி அதிகம். பத்திலிருந்து இருபது விழுக்காடு கொடுத்து, கழுவிச் சீலர் பூசி முடித்ததும் ஒரு பகுதி, மேல்சாயம் முடிந்ததும் ஒரு பகுதி, சாரம் பிரிக்கும் முன் இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்துக் குறைகளைச் சரிசெய்த பிறகு மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். சாரம் பிரித்த பிறகு மேலே விட்டுப்போன திட்டுக்காக அதை மறுபடி கட்ட யாரும் வர மாட்டார்கள். கேஸ் என்று அறியப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் சான்று பெற்ற புதுப்பிப்புக் குத்தகையாளர்கள், நிறுவனம் மூடப்பட்டால் முன்பணம் பறிபோகாதபடி பிணைப் பத்திரம் எடுத்திருக்க வேண்டும். அவர்கள் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும்.

பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. 3,500 வெள்ளிக்கு 315 வெள்ளி. ஆனால் வரிக்குப் பதிவு செய்துகொண்ட நிறுவனம் மட்டுமே அதை வசூலிக்கலாம். ஆண்டு வருவாய் பத்து இலட்சம் வெள்ளிக்குக் குறைந்த சிறு குத்தகையாளர் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த 315 வெள்ளியைக் கேட்க அவருக்கு உரிமையும் இல்லை.

பத்து ஆண்டு உத்தரவாதம் என்றார். ஆறே மாதத்தில் உரிகிறது, ஃபோன் எடுப்பதில்லை. இனி என்ன வழி?

முதலில் அது யாருடைய உத்தரவாதம் என்று பாருங்கள். பத்து ஆண்டு என்பது பெரும்பாலும் சாய நிறுவனத்துடையது. குறித்த சீலரும் இரண்டு கை மேல்சாயமும் முறைப்படி பூசியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். நீர்க்கசிவாலும் சுவர் விரிசலாலும் வரும் பழுது சேராது. பூசிய வேலைக்கான உத்தரவாதத்தைக் குத்தகையாளர்தான் தர வேண்டும். அது பொதுவாக ஓராண்டு. விலைக்குறிப்பில் சீலர் எழுதப்படாமல் இருந்தால், “ரெண்டு கோட்” பற்றிய பதிலில் சொன்ன குழப்பம் இந்த நேரத்தில்தான் வந்து நிற்கும்.

உரியும் இடங்களைத் தேதியோடு படமெடுத்து, சரிசெய்ய ஒரு நியாயமான கெடு கொடுத்து எழுத்துமூலம் அனுப்புங்கள். இன்னொருவரிடம் பழுதுபார்க்கும் விலையையும் வாங்கி வையுங்கள். பதில் இல்லையென்றால் கேஸ் சங்கத்தின் உதவியை நாடலாம், அல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வர முடியாது, நீங்களே பேச வேண்டும். பயனீட்டாளர் ஒருவர் 5,000 வெள்ளி வரை கோரினால் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே பேசப்போவது விலைக்குறிப்பும் ரசீதும் படங்களும். வேலையை வாய்ப்பேச்சில் முடித்து, ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் வாங்காமல் விட்டிருந்தால், பேநவ் பரிமாற்றமோ வாட்ஸ்அப் செய்தியோ ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.